அகற்ற முடியாத பிரவுசர்

கணினியோடும் கைப்பேசியோடும் சேர்ந்தே வரும் இணைய உலாவியை எப்படி முடக்குவது, எதுவரை முடக்க முடியும், சட்டம் யார் பக்கம்?

புதிதாக வாங்கிய எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரு பிரவுசர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் எட்ஜ், மேக்கிலும் ஐபோனிலும் சஃபாரி, ஆண்ட்ராய்டில் குரோம், சாம்சங் போன்களில் அதனுடன் சாம்சங் இன்டர்நெட். பயனர் தானே நிறுவிய செயலியை வேண்டாம் என்றால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். இவற்றை அப்படி எடுக்க முடிவதில்லை. நீக்குவதற்கான பொத்தான் மங்கிப்போய்க் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இவற்றை முடக்க விரும்புகிறவர்களின் தேவைகள் ஒன்றுபோல் இல்லை. பிள்ளையின் கையில் இருக்கும் போனில் கட்டற்ற இணையம் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தேர்வு முடியும்வரை கணினியில் வேறெதுவும் திறக்கக் கூடாது என்பது கல்லூரியின் தேவை. கவுன்டரில் இருக்கும் கணினியில் பில் போடும் மென்பொருள் மட்டும் ஓடினால் போதும் என்கிறது ஒரு கடை. ஃபயர்ஃபாக்ஸ் இருக்க இன்னொன்று எதற்கு என்பவரும், கவனச்சிதறலைக் குறைக்க நினைப்பவரும், நினைவகம் குறைந்த பழைய கருவியை ஓட்டிக்கொண்டிருப்பவரும் உண்டு.

எல்லாத் தேவைக்கும் ஒரே வழி பொருந்தாது. வழிகள் நான்கு. முதலாவது, இணைப்பைத் தொட்டால் திறக்கும் இயல்புநிலை பிரவுசரை மாற்றுவது. பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, முடக்குவது, கோப்புகள் கருவியில் இருக்கும், செயலி ஓடாது. மூன்றாவது, நீக்குவது, கோப்புகளே போய்விடும். நான்காவது, பிரவுசரை விட்டுவிட்டு அது எட்டும் தளங்களைத் தடுப்பது. எந்தத் தேவைக்கு எந்த வழி என்று தெரியாமல் தொடங்கினால், பூட்டிவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

தொண்ணூறு விநாடி வழக்கு

பிரவுசரை இயங்குதளத்திலிருந்து பிரிக்க முடியுமா என்ற கேள்வி கால் நூற்றாண்டுக்கும் முன்பே அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 1995 ஆகஸ்டில் கடைகளில் விற்ற விண்டோஸ் 95 பெட்டிக்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லை. 'பிளஸ்' என்ற தனித் தொகுப்பில் அது விற்கப்பட்டது. கணினித் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த பதிப்பில் மட்டும் சேர்த்தே தரப்பட்டது. நெட்ஸ்கேப் நேவிகேட்டர் கோலோச்சிய காலம் அது. விண்டோஸ் வேண்டுமென்றால் எக்ஸ்புளோரரையும் ஏற்றாக வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட நிபந்தனைதான் வழக்கானது.

1997 டிசம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் அந்த நிபந்தனைக்கு இடைக்காலத் தடை விதித்தார். பிரவுசரை எடுத்தால் விண்டோஸ் சரிவர இயங்காது என்றது நிறுவனம். விண்டோஸிலேயே இருந்த 'ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்' வசதியைக் கொண்டு 90 விநாடிகளுக்குள் எக்ஸ்புளோரரை நீக்க முடிந்தது, அதன் பிறகும் விண்டோஸ் ஓடியது என்று நீதிபதி சுட்டிக்காட்டினார். நீங்கியது ஐகானும் சில கோப்புகளும்தான், பிற நிரல்களும் பயன்படுத்தும் பகுதி உள்ளேயே இருக்கிறது என்பது மைக்ரோசாஃப்ட்டின் பதில். தொழில்நுட்ப அளவில் இரண்டு தரப்பும் சொன்னது சரியே. இன்றுவரை தொடரும் சிக்கலின் வேர் அந்த ஒரு வாதத்திலேயே இருக்கிறது.

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் மாநிலங்களும் சேர்ந்து பெரிய வழக்கைத் தொடுத்தன. அடுத்த மாதம் வந்த விண்டோஸ் 98-இல் எக்ஸ்புளோரர் இன்னும் ஆழமாகப் பின்னப்பட்டிருந்தது. நீக்கும் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு ஃபெல்டன் அதை அகற்றிக் காட்டும் நிரலை எழுதி அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். நிறுவனத்தை இரண்டாக உடைக்க 2000 ஜூனில் ஜாக்சன் ஆணையிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆனால் நீக்கும் பட்டியலிலிருந்து எக்ஸ்புளோரரை எடுத்ததும், அதன் நிரலை விண்டோஸ் நிரலோடு கலந்ததும் போட்டியைக் கெடுத்த செயல்கள் என்பதை உறுதிசெய்தது. அதன் பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாக, 2002-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கில் எக்ஸ்புளோரரைக் கண்ணில் படாமல் மறைக்கும் வசதி வந்தது. மறைக்கலாம், அகற்ற முடியாது என்ற சமரசம் அங்கே பிறந்தது.

மேலோடும் எஞ்சினும்

பிரவுசர் இரண்டு பாகங்களால் ஆனது. முகவரிப் பட்டை, டேப்கள், புக்மார்க், கடவுச்சொல் பெட்டகம் ஆகியவை மேலோடு. வலைப்பக்கத்தின் குறிமுறையைப் படித்து எழுத்தும் படமுமாகத் திரையில் வரைவது எஞ்சின். குரோமிலும் எட்ஜிலும் இருக்கும் எஞ்சின் பிளிங்க், சஃபாரியில் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ.

இந்த எஞ்சினை மற்றச் செயலிகளும் கடன் வாங்குகின்றன. செய்திச் செயலியில் ஒரு கட்டுரை திறக்கும்போதும், கடைச் செயலியில் பணம் கட்டும் பக்கம் வரும்போதும் பெரும்பாலும் வேலை செய்வது இந்த எஞ்சின்தான். ஆண்ட்ராய்டில் இதன் பெயர் வெப்வியூ. 2021 மார்ச்சில் வெப்வியூவுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட்டால் உலகெங்கும் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டன. பிரவுசரைத் தொடாதவரின் போனும் இந்த எஞ்சினை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது அன்று தெரிந்தது. விண்டோஸில் வெப்வியூ2 இதே வேலையைச் செய்கிறது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற மென்பொருள்கள் அதன்மேல் ஓடுகின்றன.

ஆகவே முடக்கும்போது மறைவது மேலோடு, எஞ்சின் தங்கிவிடுகிறது. இதன் முதல் விளைவு, பிரவுசர் இல்லாத போனிலும் ஏதோ ஒரு செயலிக்குள் இருக்கும் இணைப்பு வழியாக வலைப்பக்கம் திறக்கும் என்பது. இரண்டாவது விளைவு பாதுகாப்பு சார்ந்தது. எக்ஸ்புளோரரின் எஞ்சினான எம்எஸ்ஹெச்டிஎம்எல்லில் 2021 செப்டம்பரில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. வலைப்பக்கமே திறக்காமல் ஒரு வேர்டு ஆவணத்தைத் திறக்கவைத்தே தாக்குதல் நடத்தினார்கள். 2022 ஜூன் 15 அன்று எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் முடிந்தது. 2023 பிப்ரவரி 14 அன்று எட்ஜுக்கு வந்த அப்டேட் அதை நிரந்தரமாக முடக்கியது. அதற்கும் பிறகு, 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓர் ஓட்டையில், சாதாரண ஷார்ட்கட் கோப்பு ஒன்றைக் கொண்டு அந்த ஓய்வுபெற்ற எக்ஸ்புளோரரையே தாக்குபவர்கள் எழுப்பியிருந்தார்கள். பிரவுசரை முடக்கியவருக்கும் பாதுகாப்பு அப்டேட்டுகள் அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விண்டோஸ்

எட்ஜ் 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10-உடன் வந்தது. 2020 ஜனவரியில், குரோமுக்கும் அடிப்படையான குரோமியத்துக்கு மாறியது. ஐரோப்பாவுக்கு வெளியே விற்கும் கணினிகளில் செட்டிங்ஸின் செயலிப் பட்டியலில் எட்ஜ் தெரியும்; ஆனால் நீக்கும் பொத்தான் வேலை செய்யாது. எட்ஜின் நிறுவல் கோப்பைக் கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்கி நீக்கும் உத்தி சில காலம் பலித்தது. புதிய பதிப்புகளில் அதை நம்ப முடியாது. நீக்கினாலும் அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்துவிடலாம்.

வீட்டுப் பயனருக்கு எளிய வழி, வேறு பிரவுசரை நிறுவி, செட்டிங்ஸில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அதை இயல்புநிலையாக்குவது. விண்டோஸ் 11 வந்த புதிதில் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. கண்டனம் எழுந்த பின், 2022-இல் ஒரே பொத்தானில் மாற்றும் வசதி வந்தது. எட்ஜ் பின்னணியில் ஓடி நினைவகத்தைப் பிடிப்பதுதான் குறை என்றால், அதன் செட்டிங்ஸில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும், மூடிய பிறகும் பின்னணியில் இயங்க அனுமதிக்கும் தேர்வையும் அணைத்தாலே போதும். பழைய கணினிக்கு இதுவே பெரிய ஆறுதல்.

அலுவலகங்களுக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. குரூப் பாலிசியில் இந்த நிரலை ஓட்டாதே என்று கோப்புப் பெயரைப் பட்டியலிடலாம். ஆனால் அது பெயரை மட்டுமே பார்க்கிறது. கோப்பின் பெயரை மாற்றியவர் தாண்டிவிடுவார். ஆப்லாக்கர் நிரலை வெளியிட்ட நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் என்பதால் பெயர் மாற்றம் அதனிடம் செல்லாது.

பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியின் வலைத்தள வடிகட்டி எட்ஜுக்குள்தான் வேலை செய்கிறது. மற்றப் பிரபல பிரவுசர்களை அது தடுத்துவிடுகிறது. பிள்ளையின் கணக்கில் எட்ஜை ஒழித்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தால், வடிகட்டியும் சேர்ந்து போய்விடும்.

மேக்கும் ஐபோனும்

மேக்கில் சஃபாரியைக் குப்பைக்கூடைக்கு இழுத்தால் இயங்குதளம் மறுத்துவிடும். 2015-இல் வந்த சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்‌ஷன் கணினிக் கோப்புகளில் கை வைப்பதைத் தடுத்தது. 2019-இல் இயங்குதளமே படிக்க மட்டும் அனுமதிக்கும் தனிப் பகுதிக்குப் போனது. 2020-இல் அந்தப் பகுதி டிஜிட்டல் முத்திரையும் பெற்றது. வைரஸைத் தடுக்கும் அரணே சஃபாரியையும் காக்கிறது. அதற்காக அந்த அரணைத் தகர்ப்பது அறிவுடைமை ஆகாது. கீழ்ப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டு, இயல்புநிலையை மாற்றி, தேவைப்பட்டால் ஸ்கிரீன் டைமில் வரம்பு வைப்பதே மேக்கில் செய்யத்தக்கது.

ஐபோனில் முடக்குவது சுலபம். செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம், அதற்குள் உள்ளடக்க, தனியுரிமைக் கட்டுப்பாடுகள், அதற்குள் அனுமதிக்கப்பட்ட செயலிகள். அங்கே சஃபாரியை அணைத்தால் அதன் ஐகான் மறைந்துவிடும். மீண்டும் போட்டால் திரும்பி வரும். இந்தப் பூட்டு பிள்ளையிடம் நிற்க வேண்டுமென்றால் ஸ்கிரீன் டைமுக்கு, போனைத் திறக்கும் எண்ணிலிருந்து வேறான கடவு எண் வேண்டும். புதிய செயலிகளை நிறுவுவதற்கும் தடை போட வேண்டும். இல்லாவிட்டால் சஃபாரி போன இடத்துக்கு அடுத்த நிமிடமே வேறொரு பிரவுசர் வந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெரும்பாலும் ஐபோனின் எல்லா பிரவுசர்களும், பெயர் குரோம் ஆனாலும் ஃபயர்ஃபாக்ஸ் ஆனாலும், வெப்கிட்டையே பயன்படுத்துகின்றன. வணிகப் போட்டிக்கு இது கேடு. ஆனால் பெற்றோருக்கு ஒரு வசதி: ஸ்கிரீன் டைமில் குறிப்பிட்ட தளங்களை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி, வெப்கிட் வழியே திறக்கும் மற்ற இடங்களிலும் செல்லுபடியாகிறது. சிறு பிள்ளைகளுக்கு சஃபாரியை மறைப்பதைவிட இந்த வடிகட்டியே வலுவானது.

நிறுவனங்களும் பள்ளிகளும் வழங்கும் ஐபோன், ஐபேடுகளில், மேற்பார்வையில் பதிவுசெய்த கருவியாக இருந்தால், மேலாண்மைச் சர்வரிலிருந்தே சஃபாரியை ஒட்டுமொத்தமாக அணைக்கலாம்.

ஆண்ட்ராய்டு

முன்னரே நிறுவிய செயலிகளை முடக்கும் வசதி 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0-உடன் வந்தது. அமைப்புகளில் செயலிகள் பகுதியைத் திறந்து, குரோமைத் தேர்ந்து, 'முடக்கு' என்பதைத் தொட வேண்டும். அதுவரை வந்த அப்டேட்டுகள் அழிந்து, செயலி தொழிற்சாலைப் பதிப்புக்குத் திரும்பி, உறங்கிவிடும். அப்டேட்டுகள் பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைக்கும். மூலக் கோப்பு, பயனர் எழுத முடியாத சிஸ்டம் பகுதியில் இருப்பதால் அந்த இடம் கிடைக்காது.

போன் நிறுவனங்கள் தாமே சேர்க்கும் பிரவுசர்களின் நிலைமை நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றை நீக்கலாம், சிலவற்றை முடக்கலாம், சிலவற்றில் இரண்டு பொத்தான்களும் மங்கியிருக்கும். அப்போது உதவுவது, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவியான ஏடிபி. போனின் பில்டு எண்ணை ஏழு முறை தொட்டு டெவலப்பர் தேர்வுகளைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் கணினியோடு இணைத்து, குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் அந்தச் செயலியை நீக்கும் கட்டளையைத் தர வேண்டும். ரூட் செய்யத் தேவையில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தால் செயலி மீண்டும் வந்துவிடும் என்பதே இது முழு நீக்கம் ஆகாது என்பதற்கு அடையாளம். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைப்பது கட்டாயம். திறந்து வைத்தால் போனை இணைக்கும் கணினிகளுக்கு வழி விட்டதாகும்.

ஆண்ட்ராய்டு 7 முதல் 9 வரை குரோமே வெப்வியூவின் வேலையையும் பார்த்தது. குரோமை முடக்கினால் தனி வெப்வியூ செயலி பொறுப்பேற்றுக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து இரண்டும் தனித்தனி. எப்படியானாலும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற பெயரில் இருப்பதை மட்டும் முடக்கக் கூடாது.

பிள்ளைகளின் போனுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் பொருத்தம். பெற்றோரின் போனிலிருந்தே குரோமைத் தடுக்கலாம், அல்லது குரோமை விட்டுவைத்து அனுமதித்த தளங்களை மட்டும் திறக்கச் செய்யலாம்.

லினக்ஸ்

இந்தச் சிக்கல் இல்லாத ஓர் உலகமும் இருக்கிறது. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் முன்னரே நிறுவப்பட்டு வந்தாலும், ஒரே கட்டளையில் அதை அடியோடு நீக்கலாம். இயங்குதளம் அசையாது. பிரவுசரை எடுத்தால் கணினி நின்றுவிடும் என்பது இயற்கை விதி இல்லை, வடிவமைப்பவரின் தேர்வு என்பதை லினக்ஸ் நடைமுறையில் காட்டுகிறது.

தேர்வுக்கூடமும் கவுன்டரும்

ஒரே ஒரு வேலைக்கான கருவியில் எதையெதை முடக்குவது என்று பட்டியல் போடுவதைவிட, எதை அனுமதிப்பது என்று தீர்மானிப்பதே உறுதியானது. விண்டோஸின் கியோஸ்க் வசதி ஒரு பயனர் கணக்கை ஒரே செயலியோடு கட்டிவிடும். ஐபோனில் 2012-இல் வந்த கைடட் ஆக்சஸும், ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த ஸ்கிரீன் பின்னிங்கும் கருவியைத் திறந்திருக்கும் செயலியிலேயே நிறுத்திவைக்கும். தேர்வுகளுக்கு, சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர் பரவலாகப் பயன்படுகிறது. கட்டற்ற மென்பொருளான அது, தேர்வு முடியும்வரை பிற நிரல்களுக்கும் தளங்களுக்கும் போகவிடாது.

வீட்டிலோ அலுவலகத்திலோ தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்றால், ரவுட்டரில் வடிகட்டும் டிஎன்எஸ் சேவையை அமைப்பது எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும். ஆனால் மொபைல் டேட்டாவுக்கு மாறிய போனையும், விபிஎன் வைத்திருப்பவரையும் அது தடுக்காது.

முடக்கும் முன்

• மாற்று பிரவுசரை முதலில் நிறுவி, இயல்புநிலையாக்கி, ஓரிரு நாள் பழகிப் பார்க்க வேண்டும்.

• புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றுமதி செய்யும் கடவுச்சொல் கோப்பு பூட்டற்ற வெறும் எழுத்தாக இருக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும்.

• குரோம் வழியே முகப்புத் திரையில் செயலிபோல் சேர்த்த தளங்கள், குரோமை முடக்கினால் திறக்காமல் போகலாம். அவற்றைப் புதிய பிரவுசரில் மறுபடி சேர்க்க வேண்டும்.

• லாகின் செய்யப் பிரவுசரைத் திறக்கும் வங்கி, அலுவலகச் செயலிகளை முடக்கிய அன்றே சோதித்துப் பார்ப்பது நல்லது.

• சிஸ்டம் அப்டேட்டுகளை நிறுத்தவே கூடாது.

நீக்கும் உரிமை

தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் அனுமதிக்கும் என்பதை இப்போது பெரிதும் தீர்மானிப்பது சட்டம். ஐரோப்பிய ஆணையத்தின் அழுத்தத்தால் 2010 மார்ச் முதல் ஐரோப்பிய விண்டோஸில் பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரை காட்டப்பட்டது. விண்டோஸ் 7-இன் முதல் சர்வீஸ் பேக்கில் அந்தத் திரை ஓராண்டுக்கும் மேலாக விடுபட்டது; ஆணையத்தின் கணக்குப்படி ஒன்றரைக் கோடிப் பயனர்கள் அதைப் பார்க்கவில்லை. 2013 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

அடுத்த கட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம். இயங்குதளம் இயங்க இன்றியமையாதவை தவிர, மற்ற எந்தச் செயலியையும் பயனர் எளிதில் நீக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அது. பெருநிறுவனங்களுக்கான கெடு 2024 மார்ச் தொடக்கத்தில் முடிந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் விண்டோஸ் கணினிகளில் எட்ஜை நீக்கும் பொத்தான் உயிர்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 18.2-இல் ஐரோப்பிய ஒன்றியப் பயனர்கள் சஃபாரியையே அழிக்க முடிந்தது. அந்தக் கணினிகளும் போன்களும் அதனால் நின்றுவிடவில்லை.

இந்தியாவிலும் இந்த உரிமை கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிளே ஸ்டோரை விரும்பும் போன் நிறுவனம் குரோம் உள்ளிட்ட கூகுள் தொகுப்பு முழுவதையும் ஏற்ற வேண்டியிருந்ததை அது கண்டித்தது. முன்னரே நிறுவிய தன் செயலிகளைப் பயனர்கள் நீக்குவதை கூகுள் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. நீக்கும் உரிமை தொடர்பான கட்டளையும் அந்த நான்கில் ஒன்று.

ஐரோப்பாவில் நீக்க முடிகிற எட்ஜையும் சஃபாரியையும் இந்தியாவில் நீக்க முடிவதில்லை. கருவியும் மென்பொருளும் ஒன்றே. வேறுபடுவது சட்டம் மட்டும். பணம் கொடுத்து வாங்கியவரின் கருவியில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று முடிவுசெய்யும் உரிமை அவருடையதே. தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை இல்லை என்று ஐரோப்பா காட்டிவிட்ட பிறகு, இந்தியப் பயனருக்கும் அந்தப் பொத்தானைக் கேட்டுப் பெறுவது நியாயம்.